‘சோக்கா’ என்ற பெயரில் இருப்பது சோல் இசையா, இந்தி எழுத்தா?

கேள்வி இதுதான்: கரீபியன் தீவான டிரினிடாட்டில் பிறந்த சோக்கா இசைக்குப் பெயர் எப்படி வந்தது? அகராதிகளில் ‘சோல்’ (அமெரிக்கக் கறுப்பர்களின் இசை வகை), ‘கலிப்சோ’ (டிரினிடாட்டின் பழைய பாட்டு வகை) என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை என்று போட்டிருக்கிறது. வேறு சிலர் அதில் பாதி இந்தி எழுத்து என்கிறார்கள். எது சரி? கூடவே, கலிப்சோ என்பது கிரேக்கக் காவியத்தில் வரும் தேவதையின் பெயரா, இந்த இசையில் தமிழர் பங்கு ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலே பார்த்தால் இது சொல்லாராய்ச்சி. உள்ளே இருப்பது, இந்த இசையில் இந்தியர் பங்கு எவ்வளவு என்ற கேள்வி. இரண்டையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும். பெயரில் இந்தியக் கூறு இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேறு, தாளத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுவப் போகும்போதுதான் குழப்பம் வருகிறது.

முதலில் பெயர். அதை உருவாக்கியவர் யார் என்பதில் பெரிய தகராறு கிடையாது. கார்ஃபீல்ட் பிளாக்மன் என்ற கலிப்சோ பாடகர், மேடைப் பெயர் லார்ட் ஷார்ட்டி. ஆறடிக்கு மேல் உயரம் இருந்தவருக்கு ‘குள்ளப் பிரபு’ என்று பெயர். கலிப்சோ பாடகர்களின் மேடைப் பெயர்கள் பல அப்படித்தான் இருக்கும். 1941இல் பிறந்தவர், 2000இல் காலமானார். டிரினிடாட்டின் தெற்கே பிரின்ஸஸ் டவுன் பக்கத்தில் உள்ள லெங்குவா என்ற கிராமம் அவருடைய ஊர். கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் வழிவந்தவர்கள் நிறைந்த பகுதி அது. கல்யாண வீட்டு டோலக் மேளமும் டாஸா முரசும் அவருக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம்.

1970களில் அவர் தன் புதிய இசைக்கு வைத்த பெயரை எழுதிய விதத்தைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்துகளில் எஸ், ஓ, கே, ஏ, ஹெச். இன்று எல்லோரும் எழுதுவது எஸ், ஓ, சி, ஏ. அவர் கொடுத்த விளக்கப்படி, ‘சோ’ என்பது கலிப்சோ என்ற சொல்லின் கடைசி அசை. ‘கா’ என்பது சமஸ்கிருத நெடுங்கணக்கின் எழுத்து, இயக்கத்தின் ஆற்றலைக் குறிப்பது, இந்தியத் தாளம் இதில் கலந்திருப்பதற்கு அடையாளம். கே-யும் ஹெச்-சும் சும்மா அலங்காரத்துக்கு வந்தவையல்ல. ‘கலிப்சோ’வின் முதல் அசையைத்தான் அவர் எடுத்திருந்தார் என்றால் சி என்று எழுதியிருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் அவசியம். அவருடைய விளக்கத்தை மேற்கோள் காட்டும் பலரும் ‘க’ என்பது அந்த நெடுங்கணக்கின் முதல் எழுத்து என்றே எழுதிவிடுகிறார்கள். தேவநாகரியிலும் தமிழைப் போலவே உயிரெழுத்துகள் முன்னே வரும், ‘அ’தான் முதல். ‘க’ என்பது மெய் வரிசையில் முதலாவது. ‘இயக்கத்தின் ஆற்றல்’ என்ற பொருளும் எழுத்து இலக்கணத்தில் உள்ளதல்ல, அவர் அந்த எழுத்துக்கு ஏற்றிய பொருள். ஆனால் இதனால் சொல்லின் வரலாறு பொய்யாகிவிடாது. பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தார் என்பதுதான் பெயர் வரலாற்றில் சாட்சி. அவர் நினைத்தது இலக்கணப்படி துல்லியமா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் அகராதி சொல்வது தவறா? முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். அகராதிக்காரர்கள் அச்சில் பரவிய வடிவத்தை வைத்துத்தான் வேலை செய்வார்கள். ஷார்ட்டியைப் பற்றி ஒரு கார்னிவல் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பில் பத்திரிகையாளர் ஒருவர் அந்தப் பெயரை சி போட்டு எழுதினார், அந்த வடிவமே நிலைத்தது. சி வந்தவுடன் கண்ணுக்குத் தெரிவது கலிப்சோவின் முதல் இரண்டு எழுத்துகள். மிச்சமிருக்கும் ‘சோ’வுக்கு ஒரு பொருள் வேண்டுமே, அமெரிக்க சோல் இசை உச்சத்தில் இருந்த காலம் அது. பொருத்தம் தானாக அமைந்துவிட்டது. இதில் ஒரு விசித்திரம்: ஷார்ட்டியின் விளக்கத்தில் கலிப்சோ இருப்பது முதல் அசையில், அகராதி விளக்கத்தில் கலிப்சோ இருப்பது இரண்டாவது அசையில். ஒரே சொல்லை இரண்டு பேரும் நேர் எதிரான இடத்தில் வெட்டுகிறார்கள். அதனால் ‘இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்’ என்று சமாதானம் சொல்ல முடியாது. எழுத்துக்கூட்டை முதலில் அமைத்தவரின் வெட்டுதான் மூத்தது.

ஆனால் ‘சோல்’ விளக்கத்தை வெளியிலிருந்து யாரோ ஒட்டவைத்தார்கள் என்றும் சொல்லக்கூடாது. ‘சோல் ஆஃப் கலிப்சோ’ என்ற தொடரைத் தன் இசைக்குத் தலைப்பாக வைத்தவரும் ஷார்ட்டியேதான். கலிப்சோவின் ஆன்மா என்றும் கொள்ளலாம், சோல் இசை கலந்த கலிப்சோ என்றும் கொள்ளலாம். அவர் இரண்டு வாசலையும் திறந்தே வைத்திருந்தார். 1974இல் வந்த அவருடைய ‘எண்ட்லெஸ் வைப்ரேஷன்ஸ்’ இசைத்தட்டைக் கேட்டால் அமெரிக்க சோல், ஃபங்க் வாசனை தெளிவாகவே வரும். ஆக, நீங்கள் எங்காவது எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவது சரியாக இருக்கும்: பெயர் பிறந்தது கலிப்சோவின் ‘சோ’வும் இந்திய ‘க’வும் சேர்ந்து, பிறகு எழுத்துக்கூட்டு மாறியபோது ‘சோல் + கலிப்சோ’ என்ற விளக்கம் மேலோங்கியது, அதற்கும் உருவாக்கியவரின் ஒப்புதல் ஓரளவு இருந்தது.

அசைகளைப் பிரித்துப் புதுப் பெயர் கட்டுவது அவருக்குக் கைவந்த பழக்கம் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பிற்காலத்தில் அவர் ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமய வழிக்குத் திரும்பி, ராஸ் ஷார்ட்டி ஐ என்று பெயரை மாற்றிக்கொண்டு, குடும்பத்தோடு பிப்பாரோ காட்டுப் பகுதிக்குப் போய்விட்டார். அங்கே அவர் செய்த பக்தி இசைக்கு வைத்த பெயர் ‘ஜாமூ’. ராஸ்தஃபாரிகள் கடவுளை ஜா என்பார்கள். ஜாவின் மியூசிக் ஜாமூ. சோக்காவும் அதே பட்டறையில் செய்த சொல்தான்.

இனி தாளத்துக்கு வருவோம். சச்சரவெல்லாம் இங்கேதான். 1970களின் தொடக்கத்தில் ‘இந்திராணி’ என்ற பாட்டில் ஷார்ட்டி டோலக், தந்தால் போன்ற இந்திய வாத்தியங்களை நேரடியாகவே சேர்த்தார். தந்தால் என்பது ஏறத்தாழ ஆள் மார்பு உயரத்துக்கு நிறுத்திவைக்கும் ஓர் இரும்புக் கம்பி, லாடம் போல வளைந்த இரும்புத் துண்டால் தட்டுவார்கள். இடைவிடாமல் கிணுகிணுவென்று ஒலித்துக்கொண்டே இருக்கும். டிரினிடாட் இந்தியர்களின் பஜனையிலும் கல்யாணப் பாட்டிலும் அது இல்லாமல் கச்சேரி நடக்காது. பாட்டு வெளிவந்தபோது இரண்டு பக்கமும் எதிர்ப்பு. கலிப்சோவைக் கெடுக்கிறான் என்றார்கள் கலிப்சோக்காரர்கள். எங்கள் பெண்களை இழிவாகக் காட்டுகிறான் என்றார்கள் இந்தியர்களில் பலர். அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் சோக்காவின் உருவத்தைத் தீர்மானித்தது. இந்திய வாத்தியங்களை வெளியே எடுத்தார், அவற்றின் வேலையை மேற்கத்திய வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். டோலக்கின் அடி டிரம் செட்டுக்குப் போனது. தந்தாலின் கிணுகிணுப்பு முக்கோணக் கம்பியான டிரையாங்கிளுக்குப் போனது. வாத்தியம் மறைந்தது, அதன் இடம் மிஞ்சியது. இது அவரே சொன்ன கணக்கு. இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டால் இந்த மாற்றம் காதுக்கும் பிடிபடுகிறது.

ஆனால் இதிலிருந்து ‘சோக்கா தாளம் இந்தியத் தாளம்’ என்று ஒரேயடியாகத் தாவக்கூடாது. காரணத்தைக் கைத்தாளம் போட்டே பார்த்துவிடலாம். ஏதாவது ஒரு சோக்கா பாட்டைப் போட்டுக்கொண்டு, முதலில் கிக் டிரம்மை, அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து, நான்குக்கு நான்கு. இப்போது இரண்டு அடிகளை எட்டுச் சிறு துடிப்புகளாகப் பிரித்து எண்ணுங்கள். ஸ்னேர் டிரம் நான்காவதிலும் ஏழாவதிலும் விழும். முதல் துடிப்பில் விழும் கிக்கையும் சேர்த்தால் ஒன்று, நான்கு, ஏழு. நம் சொற்கட்டில் சொன்னால் தகிட தகிட தக, அதாவது மூன்று, மூன்று, இரண்டு. ‘தகிட தகிட தக’ என்று வாயால் சொல்லிக்கொண்டே காலால் ஒன்றிலும் ஐந்திலும் தட்டினால் சோக்காவின் எலும்புக்கூடு உங்கள் கையில். இதில் பலரும் தவறும் இடம் இரண்டாவது ‘தகிட’. கால் ஐந்தில் விழும்போது கூடவே கையும் போய்விடும். கை நான்கிலேயே விழுந்துவிட வேண்டும், காலுக்கு ஒரு துடிப்பு முன்னால். அந்த முந்திக்கொள்ளும் அடிதான் உடம்பை அசைய வைக்கிறது. மெதுவாக, நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில் பழகிவிட்டு 110க்குப் போவது நல்லது. நேரே வேகமான பாட்டோடு ஆரம்பித்தால் மூன்று-மூன்று-இரண்டு குழைந்து சாதாரண அணிவகுப்புத் தாளமாகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்று-மூன்று-இரண்டு ஆப்பிரிக்க-கரீபியன் இசை முழுவதும் பரவிக் கிடக்கிறது. கியூபாவில் அதற்கு டிரெசியோ என்று பெயரே உண்டு. மேற்கு ஆப்பிரிக்க, மத்திய ஆப்பிரிக்கத் தாளங்களோடு கடல் கடந்து வந்தது. பழைய கலிப்சோவிலும் அது இருக்கிறது. அதே சமயம், டிரினிடாட்டின் டோலக் வாசிப்பிலும் போஜ்பூரி நாட்டுப்பாடல் தாளங்களிலும் அதையொத்த எட்டுத் துடிப்புப் பிரிவு தாராளமாக உண்டு. இரண்டு பக்கமும் ஒரே வடிவம் இருக்கும்போது, காதால் கேட்டு ‘இது இந்தியாவிலிருந்து வந்தது’ அல்லது ‘இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது’ என்று தீர்ப்பு சொல்ல வழியில்லை. என் கணிப்பு, அந்த ஒற்றுமையே கலப்பைச் சுலபமாக்கியது என்பது. டோலக்கின் வேலையை டிரம் செட்டுக்கு மாற்றியபோது எதுவும் உடையாமல் பொருந்தியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கணிப்பு என்று சொல்வதற்குக் காரணம், இதை நிரூபிக்கும் எழுத்துச் சான்று இருக்க வாய்ப்பில்லை என்பதால்.

பெயரைப் போல அல்லாமல், தாளத்தை யார் உருவாக்கினார் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. இசையமைப்பாளர் எட் வாட்சன் போன்றவர்களின் பங்கைப் பெரிதாகச் சொல்பவர்கள் உண்டு. 1977இல் இளம் வயதிலேயே விபத்தில் இறந்த மேஸ்ட்ரோ என்ற பாடகரை முன்னிறுத்துபவர்களும் உண்டு. கலிப்சோவின் பெரும் தலைவரான லார்ட் கிட்ச்னர் 1978இல் ‘ஷுகர் பம் பம்’ பாட்டோடு இந்தப் பக்கம் வந்தபோதுதான் சோக்காவுக்கு ஊர் அங்கீகாரம் உறுதியானது. 1982இல் மான்ட்செராட் தீவைச் சேர்ந்த ஆரோ பாடிய ‘ஹாட் ஹாட் ஹாட்’ அதை உலகத்துக்கு எடுத்துப்போனது. அந்தப் பாட்டில் இந்திய அடையாளம் என்று தனியாக எதையும் காட்ட முடியாது. சொல் பரவப் பரவ அதன் பொருள் விரிந்ததற்கு அது நல்ல உதாரணம்.

காலச்சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970இல் டிரினிடாட்டில் கறுப்பர் உரிமை எழுச்சி வெடித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்கள் இந்தியத் தொழிலாளர்கள் நிறைந்த கரோனி கரும்புப் பகுதிக்கு ஊர்வலம் போனார்கள், ‘ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒன்றுபடுக’ என்ற முழக்கத்தோடு. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய தீவு அது. இன்று மக்கள்தொகையில் இரு வம்சாவளியினரும் தலைக்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவார்கள். அரசியல் அவர்களைப் பிரித்தே வைத்திருந்தது. இந்தச் சூழலில் ஒரு கலிப்சோ பாடகர் தன் இசையின் பெயரிலேயே இந்திய எழுத்தைப் பதித்தார் என்பது எனக்குப் பெரிய செயலாகவே படுகிறது. எழுத்துக்கூட்டு மாறியதில் காணாமல் போனது ஒரு கே-யும் ஹெச்-சும் மட்டுமல்ல என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் ஆதங்கப்படுவது இதனால்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, கலிப்சோ. இது சோக்காவைவிட மிகக் கடினம். சோக்காவுக்குப் பெயர் வைத்தவர் இருக்கிறார், காலம் இருக்கிறது, அவர் வாக்கு இருக்கிறது. கலிப்சோவுக்கு இவை எதுவும் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: டிரினிடாட் மக்கள் பேச்சில் இந்தப் பாட்டுக்குக் கைசோ என்ற பெயர் உண்டு, இன்றும் கலிப்சோ பாடும் அரங்கான கலிப்சோ கூடாரத்தில் நல்ல பாட்டைக் கேட்டால் சபையோர் ‘கைசோ! கைசோ!’ என்று கத்துவார்கள், நம் சபையில் ‘பலே’ என்பது போல. காரிசோ, காலிசோ என்ற வடிவங்களும் பழைய பதிவுகளில் வருகின்றன. கன்னித் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் காரிசோ என்ற பெயரிலேயே பெண்கள் பாடும் பாட்டு மரபு ஒன்று இருக்கிறது. கலிப்சோ என்ற வடிவம் அச்சில் வலுப்பெறுவது 20ஆம் நூற்றாண்டில், பாடல்கள் பிரெஞ்சு கலந்த மக்கள் பேச்சான கிரியோலிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில்.

கைசோ எங்கிருந்து வந்தது என்பதற்கு அறிஞர்கள் முன்வைப்பவற்றில் இரண்டு பொருட்படுத்தத்தக்கவை. ஒன்று, இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கே பேசப்படும் எஃபிக், இபிபியோ மொழிகளில் ‘மேலே போ, தொடரு’ என்று பொருள்படும், ‘கா இசு’, ‘கா இசோ’ போன்ற தொடர். இன்னொன்று, ஹவுசா மொழியில் ‘உனக்கு இது வேண்டும்தான், இரக்கம் கிடையாது’ என்ற தொனியில் வரும் ‘கைட்டோ’ என்ற வியப்புச்சொல். நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். பாடுபவரை ஊக்குவிக்கும் கூவலாகவே அந்தச் சொல் இன்றும் பயன்படுகிறது என்பதால் பொருள் பொருந்துகிறது. ஒலி பெரிதாக வளைக்காமலே பொருந்துகிறது. ஆட்களும் பொருந்துகிறார்கள்: 1813இல் டிரினிடாட்டில் அடிமைகளைப் பதிவு செய்த பேரேடுகளில், அதே தென்கிழக்கு நைஜீரியாவின் கலபார் பக்கத்திலிருந்து ஏற்றப்பட்டவர்களைக் குறிக்கும் ‘மோக்கோ’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. பொருள், ஒலி, மக்கள் பெயர்வு ஆகிய மூன்றும் கூடிவந்தால் ஒரு சொல்வழி ஏற்கத்தக்கதாகிறது. ஆனாலும் எஃபிக் பேசியவர் ஒருவர் அப்படிக் கூவியதை அந்தக் காலத்தில் கேட்டு எழுதிவைத்தவர் யாரும் இல்லை. ஆகவே ஏற்கத்தக்கது, நிரூபணமானதல்ல. கரீப் பழங்குடி மொழியிலிருந்து, ஸ்பானிய மொழியிலிருந்து, பிரெஞ்சிலிருந்து என்று வரும் மற்ற விளக்கங்கள் இந்த மூன்றில் ஒன்றிலாவது தடுக்கி விழுகின்றன.

கிரேக்க தேவதை? ஹோமரின் ஒடிசியில் ஒடிசியஸை ஏழு ஆண்டுகள் தன் தீவில் நிறுத்திவைத்தவள் கலிப்ஸோ. அவளுக்கும் இந்தப் பாட்டுக்கும் உள்ள உறவு எழுத்துக்கூட்டு மட்டும்தான். கைசோ, காலிசோ என்று காதில் விழுந்ததை, ஆங்கிலமோ பிரெஞ்சோ படித்த பத்திரிகைக்காரர்கள் தாங்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு பெயரின் வடிவத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. எழுத்து அங்கிருந்து வந்தது, சொல் அங்கிருந்து வரவில்லை.

கலிப்சோ என்ற சொல்லின் பொருள் வெளிநாட்டில் எப்படி வழுக்கியது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, இணையத் தேடலில் பலர் சறுக்கும் இடம் அது. 1934இல் அட்டிலா, ரோரிங் லயன் என்ற டிரினிடாட் பாடகர்கள் நியூயார்க் போய் இசைத்தட்டு பதிந்தபின் அமெரிக்காவில் சொல் பழகிவிட்டது. 1956இல் ஹாரி பெலஃபாண்டே ‘கலிப்சோ’ என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டு, அது பெருவெற்றி பெற்றது. அதில் புகழ்பெற்ற வாழைப்பழம் ஏற்றும் பாட்டு ஜமைக்காவின் தொழில் பாட்டு, கலிப்சோவே அல்ல. ஜமைக்காவின் சொந்த நாட்டுப்பாணிக்கு மென்ட்டோ என்று பெயர். ஆனால் சுற்றுலாப் பயணிகள் கலிப்சோ என்று கேட்டதால் அங்குள்ள ஹோட்டல் குழுக்களும் தங்கள் இசையைக் கலிப்சோ என்றே விற்றன. ஆகவே 1950களின் ஓர் இசைத்தட்டில் கலிப்சோ என்று அச்சிட்டிருந்தால், பாடகர் எந்தத் தீவைச் சேர்ந்தவர் என்று பார்க்காமல் நம்ப வேண்டாம்.

சோக்கா என்ற சொல்லுக்கு நேர்ந்தது வேறு. அது பின்னொட்டாகிவிட்டது. டிரினிடாட்டில் கிறிஸ்துமஸ் காலத்தில் ஸ்பானிய மொழியில் பாடும் பராங் என்ற இசை உண்டு. 1970களின் இறுதியிலேயே பராங் சோக்கா வந்துவிட்டது. 1987இல் திரௌபதி ராம்கூனை என்ற பாடகியின் பாட்டோடு சட்னி சோக்கா என்ற பெயர் வந்தது. சட்னி என்பது அங்குள்ள இந்தியர்களின் துள்ளல் பாட்டு, கல்யாணத்துக்கு முந்தின இரவில் பெண்கள் தங்களுக்குள் பாடி ஆடியதிலிருந்து மேடைக்கு வந்தது. 1970 வாக்கில் சுந்தர் போப்போ என்ற பாடகர் அதை இசைத்தட்டில் ஏற்றினார். ஷார்ட்டி வாத்தியங்களை ஒளித்துவைத்துச் செய்த கலப்பை, சட்னி சோக்கா டோலக்கையும் டாஸாவையும் திரும்ப முன்னே கொண்டுவந்து வெளிப்படையாகச் செய்தது. இப்போது வேகத்தை வைத்தும் பிரிக்கிறார்கள்: நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி வரை உள்ளது குரூவி சோக்கா, 160ஐ ஒட்டி ஓடுவது பவர் சோக்கா.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் இல்லை. டாஸா வாத்தியக் குழுவைப் பாருங்கள். மண் சட்டியில் ஆட்டுத்தோல் கட்டிய இரண்டு சிறு முரசுகள், ஒன்று கூர்மையாகப் பேசும் ‘கட்டர்’, மற்றது அடியை நிறுத்திப் பிடிக்கும் ‘ஃபுல்லர்’. அவற்றோடு மரத்தைக் குடைந்து செய்த பெரிய ‘பேஸ்’, பிறகு ஜாங்ஜ் என்ற பித்தளைத் தாளம். வாசிக்குமுன் சிறு முரசுகளைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிட்டால் கட்டர் மங்கிப்போய் மற்ற சத்தத்தில் அமுங்கிவிடும், அதனால் நடுநடுவே மறுபடி தீ மூட்டுவதும் உண்டு. வாத்தியமும் முறையும் வட இந்தியா. ஆனால் அவர்கள் வாசிக்கும் தாளக்கட்டுகளில் மிகப் பிரபலமான ஒன்றுக்குப் பெயர் டிங்கோலே, அது ஆப்பிரிக்க வம்சாவளி கிரியோல் மக்களின் சொல். இந்தியத் திரையுலகுக்கும் ஒரு கிளை போயிருக்கிறது: ஷார்ட்டி 1970களின் இறுதியில் பாடிய ‘ஓம் சாந்தி ஓம்’ பாட்டின் மெட்டுதான், 1980இல் வந்த ‘கர்ஸ்’ இந்திப் படத்தில் அதே சொற்களோடு ஒலித்தது.

கடைசியாகத் தமிழர் பங்கு. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் டிரினிடாட்டுக்குக் கப்பல்கள் போயின, ஆனால் வந்தவர்களில் பெரும்பான்மையோர் கல்கத்தா வழியாகப் புறப்பட்ட போஜ்பூரி, அவதி பேசும் மக்கள். தெற்கிலிருந்து போனவர்களை அங்கே ‘மதராஸி’ என்றார்கள், சில தலைமுறைகளில் அவர்களுடைய தமிழும் தெலுங்கும் பேச்சிலிருந்து மறைந்துவிட்டன. ஷார்ட்டி தன் ‘க’ சமஸ்கிருத நெடுங்கணக்கைச் சேர்ந்தது என்றே சொன்னார். அதைத் தமிழ் ‘க’ என்று காட்ட எந்த ஆதாரமும் இல்லை. டோலக், தந்தால், டாஸா மூன்றும் வடக்கத்தி வாத்தியங்கள். தமிழர் தடம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது: பக்கத்து கயானாவிலும் டிரினிடாட்டிலும் உள்ள காளி கோயில்களில் ‘மதராஸி’ மரபில் நடக்கும் பூஜையில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள், அதைத் ‘தப்பு’ என்றே சொல்கிறார்கள். அது சாமியை வரவழைக்கும் வாத்தியம், கார்னிவல் தெருவுக்கானதல்ல. சோக்காவின் வரலாற்றில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரண்டுக்கும் நியாயம் செய்யாது. தமிழர் தடத்தைத் தேடுபவர்கள் அந்தக் காளி கோயில் பதிவுகளிலிருந்து தொடங்குவதே சரி. தமிழில் பெயரை எழுதும்போது ‘சோகா’ என்று ஒற்றில்லாமல் எழுதினால் நடுவெழுத்து மெலிந்து ‘சோகம்’ போல ஒலிக்கும். ‘சோக்கா’ என்று எழுதினால் ஷார்ட்டி கே போட்டு எழுதிய ஒலி அப்படியே கிடைக்கும்.